கல்லின் உள்ளே பார்த்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, அருவங்காடு தொழிற்சாலை ஆய்வகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் அம்மையாருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்த பெரியவர் ஞானசீலன் அவர்களே, தாயை இழந்து நிற்கும் சகோதரி அலீனா அவர்களே, குன்னூர் நகைத் தொழிலாளர் சங்கத் தோழர்களே, தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாயம்மாள் அவர்களே, ஈரக் குடைகளை வாசலில் சாத்திவிட்டு வந்திருக்கும் அன்பர்களே, உங்கள் எல்லோருக்கும் கணேசனின் வணக்கம்.

நான் கல் பதிப்பவன். குனிந்த தலையோடு செய்கிற வேலை என்னுடையது. ஒலிபெருக்கி முன்னால் நிமிர்ந்து நின்று பழக்கமில்லை. அதனால் சங்கத்துத் தோழர்கள் ஓர் உரையை எழுதியே கொடுத்தார்கள். நல்ல உரைதான். ஆனால் 'மாணிக்கம் போன்றவர்' என்று அதில் ஆறு இடத்தில் வருகிறது. செலஸ்டின் அம்மையார் கையில் கிடைத்திருந்தால் ஆறையும் பென்சிலால் அடித்திருப்பார். கல்லை வைத்து உபதேசம் செய்வது அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை இதே மண்டபத்தில், மாதர் சங்கக் கூட்டத்தில், கல்லுக்குள் இருக்கும் கறையையும் மனிதனுக்குள் இருக்கும் துயரத்தையும் ஒப்பிட்டுப் பேசுங்கள் என்று அப்போதிருந்த பாதிரியார் கேட்டார். அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது.

"ஃபாதர், கல்லு கல்லா இருக்கட்டுங்க. நான் பாத்ததைச் சொல்றேன். அது போதும்."

ஆகவே அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். நானும் பார்த்ததைச் சொல்கிறேன். அது போதும் என்று நினைக்கிறேன்.

யார் இந்தச் செலஸ்டின் அம்மையார்? தொழிற்சாலை ஆய்வகத்தில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து, வெடிமருந்துத் துகள்களின் வடிவத்தையும் அளவையும் எழுதியவர். கண்ணை ஒரு குழாயின் மேல் வைத்தபடியே இளமையைக் கழித்தவர் என்று ஞானசீலன் ஐயா சற்றுமுன் சொன்னார். ஓய்வு பெற்ற மறுமாதமே சென்னைக்குப் போய், மூன்று மாதம் விடுதியில் தங்கி, ரத்தினப் பரிசோதனை படித்தார். அறுபது வயதில்! உடன் படித்தவர்கள் நகைக்கடைப் பிள்ளைகள். ஏனம்மா இந்த வயதில் என்று நான் ஒருநாள் கேட்டேன். முப்பத்தோரு வருடம் தூளைப் பார்த்தாயிற்று, வெடிக்காத ஒன்றைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றார்.

திரும்பி வந்து குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே, கல்லைச் சோதித்துச் சான்று கொடுக்க, சின்ன அறை எடுத்தார். ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு. பாதி நாள் அந்தப் பள்ளத்தாக்கு அங்கே இருக்காது. மூடுபனி மெல்ல ஏறி வந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே விளக்கு ஒன்று மட்டும் எரியும். அதன் அடியில் ஒரு கல்.

அன்பர்களே, நம்மில் எத்தனை பேர் ஒரு கல்லின் உள்ளே பார்த்திருக்கிறோம்? வாங்குகிறோம், பூட்டி வைக்கிறோம், ராசிக்குப் பொருந்துமா என்று கேட்கிறோம். உள்ளே பார்த்திருக்கிறோமா? மரகதத்துக்குள் பாசி படர்ந்த ஒரு குளம் இருக்கிறது. ஸ்படிகத்துக்குள் தங்க ஊசிகள் வைக்கோல் போல விழுந்து கிடக்கின்றன. காங்கயத்துப் பக்கம் கிடைக்கும் ஒரு செம்பொன் நிறக் கல்லுக்குள் மெல்லிய செதில்கள் ஆயிரம் மிதக்கின்றன. கல்லைத் திருப்பினால் மாலை வெயிலில் தூசு எழுந்தது போல அத்தனையும் ஒன்றாக மின்னும். வைடூரியத்தில் ஒரு கண் ஓடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? உள்ளே நெருக்கமாக அடுக்கிய மயிரிழைகளில் பட்டுத் திரும்பும் ஒளி அது. இழை இல்லாவிட்டால் கண் இல்லை. கண் இல்லாவிட்டால் அதை யார் கேட்டு வாங்குவார்கள்?

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியுமா? தெரியாது. கல் என்றால் தண்ணீர் போல இருக்க வேண்டும், உள்ளே எது இருந்தாலும் அழுக்கு என்று முப்பது வருடம் நம்பியவன் நான். அந்த நம்பிக்கையில் நான் செய்யவிருந்த ஒரு காரியத்தை இன்று தாயம்மாளின் அனுமதியோடு சொல்கிறேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் தாயம்மாள் என் கடைக்கு வந்தார். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பதினான்கு வயதில் தாயோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். கோத்தகிரிப் பக்கத்தில் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருடைய தகப்பனார் தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் கல் தோண்டும் குழிகளில் இறங்குவாராம். அப்படிக் கிடைத்த ஒரு கல்லை மகள் கையில் கொடுத்து, பத்திரம் என்று சொல்லியிருக்கிறார். குடும்பம் கப்பலேறும் முன்பே அவர் காலமாகிவிட்டார். படம் இல்லை, எழுத்து இல்லை. அவர் கையிலிருந்து வந்தது அந்தக் கல் ஒன்றுதான். பவுடர் டப்பாவில் பஞ்சு வைத்து அதை நாற்பது வருடம் காத்து வைத்திருந்தார்.

நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாம்பல் கலந்த நீலம். உள்ளே முழுக்கப் பஞ்சு போல மங்கல். அழுக்குக் கல் என்றேன். உலையில் சூடு போட்டால் உள்ளே இருப்பது கரைந்து தெளியும், ஆளை வைத்துச் செய்து தருகிறேன் என்றேன். தாயம்மாள் கல்லைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். போகிற வழியில் ஸ்டுடியோ மாடியில் இருந்த பலகையைப் பார்த்து ஏறியிருக்கிறார்.

மறுநாள் காலை, சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா என் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, தாயம்மாள் கல்லை அழுக்குன்னு சொன்னது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அஞ்சு நிமிசம் கடையைச் சாத்துங்க. மேல வாங்க."

போனேன். சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் கல்லை அமிழ்த்தி, நுண்ணோக்கியின் கீழ் வைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு, அன்பர்களே, மழை தெரிந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீல இருட்டுக்குள் மெல்லிய வெள்ளிக் கம்பிகளாக மழை. ஒரு திசையில் பெய்யும் மழை இல்லை. மூன்று திசையில், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, ஒரு துளி சத்தமில்லாமல் நின்றுபோன மழை. நான் எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்திருந்தேன் என்று தெரியாது. அஞ்சு நிமிடம் இல்லை. கீழே யாரோ கடைக் கதவைத் தட்டியது கேட்டும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

தொழிலில் அந்த இழைகளுக்குப் பட்டு என்று பேர். பட்டு மூன்று திசையில் இப்படி ஒழுங்காக ஓடினால், கல்லின் மேல்பக்கத்தைக் குவிந்த வளைவாகச் செதுக்கி ஒற்றை விளக்கின் கீழ் பிடிக்கும்போது மேலே ஆறு கதிர் எழும். அம்மையார் அதைச் சொல்லிவிட்டு, குரலை உயர்த்தாமல் இன்னொன்றும் சொன்னார்.

"நீங்க கரைச்சுத் தர்றேன்னது அந்த நட்சத்திரத்தைத்தானுங்க."

கல்லின் எந்தப் புள்ளி உச்சியாக வரவேண்டும் என்று அவரே மையால் ஒரு பொட்டு வைத்து, காங்கயத்தில் செதுக்குபவரிடம் கொடுத்தனுப்பினார். மூன்று வாரத்தில் வந்தது. ஜன்னல் வெயிலில் தாயம்மாள் உள்ளங்கையை நீட்ட, ஆறு கதிர் எழுந்தது. கையை அசைத்தால் அதுவும் அசைந்தது. தாயம்மாள் கையை மூடினார், திறந்தார், மூடினார்.

அம்மையார் அத்தோடு விட்டாரா? இல்லை. செதுக்கி வந்த கல்லை இரண்டு நாள் தன்னிடம் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் வரைந்தார். அவரிடம் வந்த ஒவ்வொரு கல்லையும் வரைந்தார். பென்சில், ரப்பர், கோடு போடாத நோட்டு. ஒரே குழியில் எடுத்த இரண்டு கல்லுக்குள்ளும் ஒரே படம் இருக்காது என்பார். இன்று மேடையில் அவர் படத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறோமே, அவைதான் அந்த நோட்டுகள். பதினேழு.

இனி நான் சொல்லப்போவது இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆகஸ்ட். அவலாஞ்சியில் வானம் உடைந்து கொட்டியதே, அந்த மாதம். தாயம்மாளின் மகள் ஜெயஸ்ரீ, கோயம்புத்தூரில் நர்ஸ், அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் கல்லைத் தங்கத்தில் பதித்து டாலராகச் செய்து தரும்படி என்னிடம் கொடுத்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் பதித்ததில்லை. பின்பக்கம் மூடி, தங்கத் தகட்டில் உட்கார வைத்து, விளிம்பை மடக்கி, மெருகு போட்டுக் கொடுத்தேன்.

நான்காம் நாள் தாயம்மாளின் மகன் ரமேஷ்குமார் வந்தார். ஜீப் ஓட்டுபவர், அமைதியான மனிதர். டாலரை மேசையில் வைத்து, கல்லை மாத்திட்டீங்க என்றார்.

என்ன நடந்திருந்தது? மூன்று வாரமாக மலையில் வெயில் இல்லை. நட்சத்திரம் எழ ஒற்றை ஒளி வேண்டும். மூடுபனி வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வரும். அதில் எந்த நட்சத்திரமும் எழாது. வீட்டில் இருந்ததோ டியூப் லைட். பின்பக்கம் நான் மூடிவிட்டதால் கல்லின் நீலமும் கறுத்துவிட்டது. எட்டு வருடம் கையில் வைத்துப் பார்த்த தாயம்மாளே டாலரைத் தள்ளி வைத்துவிட்டு, இது என்ட கல்லு இல்ல என்று சொல்லிவிட்டாராம்.

நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக் காட்டினேன். ஆறு கதிர் எழுந்தது. முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. தொழிற்சாலையில் செய்த கல்லிலும் நட்சத்திரம் வருகிறது, போனில் வீடியோ பார்த்தேன் என்றார் ரமேஷ்குமார். அவர் சொன்னதில் பொய் இல்லை, அப்படியும் செய்கிறார்கள். இரண்டு நாளில் பழைய கல் வரவேண்டும், இல்லாவிட்டால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோழர்களே, நம் தொழிலில் இதைவிடப் பெரிய சொல் உண்டா? கல்லை மாற்றியவன். அன்று மாலைக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை நான்கு பேர் வந்து, பதிக்கக் கொடுத்த நகைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் இருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், எனக்கு வருத்தமில்லை. என் மனைவி ஸ்ரீமதி மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நீங்க மாத்தலைன்னு எனக்குத் தெரியும், அதை எப்படி ஊருக்குத் தெரிய வைப்பீங்க என்றாள்.

அம்மையாரிடம் ஓடினேன். அவர் அறையில் இரண்டு வருடமாக 'விடுமுறை' என்ற பலகை தொங்கியது. மூட்டுவலி என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் தினமும் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். நோட்டை எடுத்து, கல்லைப் பார்த்து, இதுதான் அது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அம்மா என்று கேட்டேன்.

என் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"நான் சொன்னா உங்களுக்காகச் சொல்றேன்னு நினைப்பாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. கல்லைக் கழட்டற சாமானும் கொண்டாங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு தாயம்மாள், ரமேஷ்குமார், ஜெயஸ்ரீ மூவரும் வந்தார்கள். அந்தச் சின்ன அறையில் நின்றபடியே, நான் என் கையால் மடக்கிய விளிம்பை என் கையாலேயே நிமிர்த்தினேன். கல் கீறினாலும் போச்சு, விழுந்தாலும் போச்சு. கல் வெளியே வந்தது. அம்மையார் அதை விரலால் தடவி, துடைத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, பக்கவாட்டில் விளக்கைத் திருப்பினார். எல்லாம் தடவித் தடவித்தான் செய்தார். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் ரமேஷ்குமார்.

அம்மையார் நாற்காலியிலிருந்து எழுந்து, ஓரமாக நின்றுகொண்டார்.

"என்னால பாக்க முடியாதுங்க. எனக்கு நடுக்கண்ணுல பார்வை போயி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. ஓரத்துல கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். தாயம்மா, நீங்க உக்காருங்க. உங்க கல்லு, நீங்களே பாருங்க."

எனக்குத் தெரியாது. மகள் அலீனாவுக்கும் அன்றுதான் தெரியும் என்று பிறகு அறிந்தேன். கண்ணை வைத்தே வாழ்ந்த மனுஷி, யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருடம் வைத்திருந்த ஒன்றை, என் பேருக்காக, முன்பின் பழகாத ஒரு ஜீப் டிரைவர் முன்னால் எடுத்து வைத்தார். இப்படி ஒன்றை யார் செய்வார்கள்?

தாயம்மாள் உட்கார்ந்தார். அம்மையார் அலமாரியில் விரலால் எண்ணி இரண்டாம் நோட்டை எடுத்து, ரமேஷ்குமார் கையில் கொடுத்தார். தேதி போட்டிருக்கும், உங்கள் அம்மா பேர் இருக்கும், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்றார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எட்டு வருடத்துக்கு முன் பார்த்த கல்லுக்குள் நடக்கத் தொடங்கினார்.

நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று திசை மழையைத் தாண்டி, இடது கைப் பக்கம் கீழே இறங்கினால், உருண்டையாக ஒரு மணி இருக்கும், அதைச் சுற்றி நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினது போல ஒரு வளையம். அங்கிருந்து வலப்பக்கம் ஒரு மெல்லிய பாதை. இரண்டு இடத்தில் அறுந்திருக்கும். இரண்டாவது அறுப்பைத் தாண்டினால் மூன்று புள்ளி, இரண்டு ஒட்டியிருக்கும், ஒன்று தள்ளியிருக்கும். அவர் சொல்லச் சொல்ல, தாயம்மாள் கண்ணை எடுக்காமல், ஓம், இருக்கு, ஓம், மூணு இருக்கு என்று சொல்லிக்கொண்டே போனார். ரமேஷ்குமாரின் விரல் நோட்டில் அதே வழியில் நகர்ந்தது. வெளியே மூடுபனி ஜன்னலை முழுக்க மறைத்துவிட்டது. பார்வை போனவர் நினைவிலிருந்து சொல்கிறார், தாய் கல்லில் பார்க்கிறார், மகன் காகிதத்தில் பார்க்கிறார். மூவரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். நாங்கள் எல்லோருமே அந்த நீலத்துக்குள் இருந்தது போலத்தான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

ஆனால் ரமேஷ்குமார் விவரமானவர். நீங்கள் சொல்வதைத்தான் அம்மா திருப்பிச் சொல்கிறார் என்றார். நியாயமான கேள்வி. அம்மையாருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷப்பட்டார் என்றே சொல்வேன்.

"சரிங்க தம்பி. நான் இனிப் பேசல. நான் சொல்லாதது ஒண்ணு உள்ள இருக்கு. அதை அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

பேச்சு நின்றது. தாயம்மாள் நுண்ணோக்கியின் திருகை மெல்லத் திருப்பினார். அதற்குள் கை பழகிவிட்டது. எவ்வளவு நேரம் போனது? கீழே ஸ்டுடியோவில் ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்கக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. நான் என் ஆயுளில் சாமியை அவ்வளவு கூப்பிட்டதில்லை.

"மேல, ஓரத்தில," என்றார் தாயம்மாள். "கொழுந்து ஒண்டு இருக்கு. ரெண்டு இலை, ஒரு மொட்டு. ஒரு இலை மடிஞ்சிருக்கு."

ஐம்பது வருடம் கொழுந்து பறித்த கண், அன்பர்களே!

ரமேஷ்குமார் நோட்டைப் பார்த்தார். நோட்டை என் பக்கம் திருப்பினார். படத்தின் மேல் ஓரத்தில், கடுகளவு, இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஓர் இலை மடிந்திருந்தது. பக்கத்தில் பென்சிலில் 'தேயிலைக் கொழுந்து போல' என்று பொடி எழுத்து.

தாயம்மாள் அதற்குப் பிறகும் கண்ணை எடுக்கவில்லை. ஜெயஸ்ரீ தோளைத் தொட்டும் எடுக்கவில்லை. கடைசியில் குனிந்தபடியே கேட்டார்.

"எங்கட அப்பா கையில இருக்கிறப்பவும் இதெல்லாம் உள்ள இருந்திச்சா?"

"இருந்துச்சுங்க," என்றார் அம்மையார். "அவர் குழியில இறங்கறதுக்கு முன்னாலயும் இருந்துச்சு. மனுசங்க வர்றதுக்கு முன்னாலயும் இருந்துச்சு."

"அப்பா பாக்கல்லியே."

"நீங்க பாத்துட்டீங்க."

தாயம்மாள் அழுதார். நானும் அழுதேன். அம்மையார் அழவில்லை, எல்லோருக்கும் டீ சொல்லும்படி கீழே குரல் கொடுத்தார்.

அன்று மதியமே ரமேஷ்குமார் என்னோடு கடைத்தெருவில் நடந்தார். என்னைப் பற்றி எந்தெந்தக் கடையில் சொன்னாரோ, அந்தந்தக் கடையில் ஏறி, தான் சொன்னது தப்பு, கல் தங்களுடையதுதான் என்று சொன்னார். பதினோரு கடை. நான் போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை. பின்பக்கம் திறந்து, ஒளி நுழைகிற மாதிரி, அந்தக் கல்லை நான் மறுபடி பதித்தேன். கல்யாணத்துக்கு எங்கள் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டோம்.

அம்மையாருக்கு என்ன நேர்ந்தது? அவருக்குப் பார்வை இல்லை என்ற செய்தி அந்த வாரமே பரவியது. சமவெளியிலிருந்து ஒரு வியாபாரி வந்து முகத்துக்கு நேராகக் கேட்டார்: கண் தெரியாமல் எத்தனை கல்லுக்குச் சான்று கொடுத்தீர்கள்? நான் கூட இருந்தேன். பதினேழாம் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அதில் ஒரு புஷ்பராகத்தின் பாதிப் படம். கீழே தேதி, இரண்டாயிரத்துப் பதினேழு பிப்ரவரி மூன்று. 'இதற்கு மேல் தெரியவில்லை. நிறுத்துகிறேன்' என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு கல்லுக்கும் அவர் கையெழுத்துப் போடவில்லை. அந்த வியாபாரி நோட்டை மூடி, மேசையில் வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் சனிக்கிழமைகள் தொடங்கின. காலை பத்து மணிக்கு நான் கடையைச் சாத்திவிட்டு மாடி ஏறுவேன். நான் பார்ப்பேன், அவர் கேட்பார். நான் சொல்வதை வைத்து என்ன கல், எந்த ஊர்க் கல், யாராவது சூடு போட்டிருக்கிறார்களா என்று சொல்வார். நான் 'அழகாக இருக்கிறது' என்று ஆரம்பித்தால் கையை நீட்டித் தடுப்பார். அழகு கிடக்கட்டும், எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள் என்பார். ஐந்து வருடம். சில சனிக்கிழமை ஒரு கல்லிலேயே பொழுது போய்விடும். படி இறங்கித் தெருவுக்கு வந்தால், மூடுபனிக்குள் பஸ்ஸின் விளக்கும் கம்பளி போர்த்திய ஜனங்களும் கல்லுக்குள் மிதப்பது போலத் தெரியும். வீடு போய்ச் சேரும்வரை எனக்குத் தெளியாது.

அன்பர்களே, இப்போது நாம் என்ன செய்யப்போகிறோம்? மாலை போட்டுவிட்டுக் கலைந்து போகப்போகிறோமா? நுண்ணோக்கியையும் பதினேழு நோட்டையும் சங்கத்துக்கே தருவதாகச் சகோதரி அலீனா சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த அறை திறக்கும். அதற்கடுத்த சனிக்கிழமையும் திறக்கும். நான் இருப்பேன். நான் இல்லாத நாளில் சங்கத்துத் தோழர் ஒருவர் இருப்பார். அழுக்கு என்று யாராவது தள்ளிய கல் உங்கள் வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள். உள்ளே பார்க்காமல் எந்தக் கல்லையும் இனி உலைக்கு அனுப்ப மாட்டோம். சொந்தக்காரரை உட்கார வைத்து அவர் கண்ணால் பார்க்க வைக்காமல் எந்தக் கல்லையும் திருப்பித் தர மாட்டோம். பார்த்ததை வரைவோம். என் கோடு கோணலாகத்தான் வருகிறது, ஆனாலும் வரைவோம். பதினெட்டாம் நோட்டு வாங்கியாயிற்று. இது சங்கத்தின் சார்பில் இந்தச் சபை முன்னால் நான் தரும் உறுதி.

இன்னும் ஒன்றே ஒன்று. அது உங்களுக்கு இல்லை, அவருக்கு.

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை மதியம், ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கண்ணை மூடியே படுத்திருந்தார். சட்டைப்பையில் ஒரு சந்திரகாந்தக்கல் இருந்தது. எடுத்து, லென்ஸை வைத்து, வழக்கம் போலச் சொல்ல ஆரம்பித்தேன். பால் போன்ற வெளிச்சம், அதற்கு அடியில் ஒரு நீண்ட கோடு, கோட்டின் இரு பக்கமும் சின்னச் சின்னக் கால்கள், ஒரு பூரான் ஊர்ந்து போகிற மாதிரி இருக்கிறது என்றேன். அவர் உதட்டில் சிரிப்பு வந்தது.

"எத்தனை கால்?"

எண்ணவில்லை அம்மா என்றேன்.

"எண்ணாம என்னத்தைப் பாத்தீங்க, கணேசன்? நாளைக்கு எண்ணிட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் நான் போய்ச் சேரும் முன் அவர் போய்விட்டார்.

அம்மா, எண்ணிவிட்டேன். இடப்பக்கம் பதினான்கு. வலப்பக்கம் பதின்மூன்று. வலப்பக்கத்தில் கடைசியாக இன்னொன்று தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டிருக்கிறது. அதைச் சேர்ப்பதா, விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பாதிக் காலாகவே வரைந்திருக்கிறேன்.